ஒரு வகுத்தல் கணக்குக்காகப் பட்ட பாடு

பாடசாலையில் ஒருமுறை சொல்லி விளங்காமல் போனதை, பின்னேரம் மின்விசிறிக்குக் கீழே இன்னொருமுறை சொல்லி விளங்காமல் செய்வதற்குப் பெயர்தான் டியூசன். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பித்து, வெண்கட்டித் தூளால் தொண்டையைக் கெடுத்துக்கொண்டவள் நான். இதை வாசிக்கிற நீங்கள் டியூசன் எடுத்திருப்பீர்கள், அல்லது டியூசனுக்குப் போயிருப்பீர்கள், அல்லது பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் குடையோடு காத்து நின்றிருப்பீர்கள். எல்லாருக்கும் ஒரே வருத்தம்தான். ஆகவே மனம்விட்டுக் கதைக்கலாம்.

என் வருத்தத்துக்குக் காரணம் ஒரே ஒரு கணக்கு. வெளிச்சம் என்பது போட்டோன் எனப்படும் சின்னச் சின்னச் சக்திப் பொட்டலங்களாக வருகிறது. ஒரு போட்டோனிடம் எவ்வளவு சக்தி என்று தெரிந்தால், அதைப் பிளாங்கின் மாறிலி என்கிற மிகமிகச் சின்ன எண்ணால் வகுக்க வேண்டும். அந்த வெளிச்சம் ஒரு செக்கனுக்கு எத்தனை தரம் அதிர்கிறது என்பது, அதாவது மீடிறன், வந்துவிடும். அவ்வளவுதான், ஒரு வகுத்தல். அந்த ஒரு வகுத்தலால் ஒரு வருடம் நான் பட்டதைத்தான் சொல்லப்போகிறேன்.

மெதுவான வெளிச்சம்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், புடைவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் வகுப்பு. முதல் நாள் கரும்பலகையில் சுலபமான கணக்கு ஒன்று போட்டேன். போட்டோனின் சக்தி மூன்று தசம் மூன்று, பெருக்கல் பத்தின் மறை பத்தொன்பதாம் அடுக்கு யூல். பிளாங்கின் மாறிலி ஆறு தசம் ஆறு, பெருக்கல் பத்தின் மறை முப்பத்துநாலாம் அடுக்கு. மூன்று தசம் மூன்று, ஆறு தசம் ஆறில் சரிபாதி. இதைவிட நல்ல மனதோடு ஒரு கணக்கை எந்த ஆசிரியையாலும் போட முடியாது. வகுத்தால் ஐந்து, பத்தின் பதினாலாம் அடுக்கு. செம்மஞ்சள் வெளிச்சம்.

முன் வாங்கில் இருந்த பிரணவன் கையை உயர்த்தினான். நல்ல பிள்ளை, தலைமுடியில் எந்நேரமும் எண்ணெய், பேனையில் எந்நேரமும் அவசரம். வகுக்க வேண்டியதைப் பெருக்கிவிட்டான். வந்த விடையில் தசமப் புள்ளிக்குப் பிறகு ஐம்பதுக்கு மேற்பட்ட பூச்சியங்கள். "தம்பி, நீ சொல்லுற வெளிச்சம் ஒரே ஒரு தரம் அதிர்ந்து முடிக்கிறதுக்கு இந்தப் பிரபஞ்சத்தின்ர வயசு காணாது" என்றேன். பொறுமையாகத்தான் சொன்னேன், அது முதல் நாள் அல்லவா. அவன் கொப்பியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், யன்னலுக்கு வெளியே கடலையும் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"அது கொஞ்சம் மெதுவான வெளிச்சமா இருக்கலாம்தானே, மிஸ்?"

முக்கோணமும் சதுரமும்

அடுத்த ஒழுங்கையில் எனக்கு ஒரு போட்டியாளர் இருந்தார். பிள்ளைகள் அவரை ரொக்கெட் சேர் என்பார்கள். அவருடைய வகுப்பில் ஒலிபெருக்கி உண்டு, பகிடி உண்டு, குளிரூட்டி உண்டு. இடையிடையே பௌதிகவியலும் வரும் என்று கேள்வி. அவர் ஒரு முக்கோணம் கீறி, மேலே சக்தி, கீழே ஒரு பக்கம் மாறிலி, மறுபக்கம் மீடிறன் என்று எழுதி, வேண்டியதை விரலால் மறைத்தால் விடை வரும் என்று காட்டியிருந்தார். விரல் வைத்தால் விடை வருகிறது என்றால் மூளையை யார் கஷ்டப்படுத்துவார்கள்? என் வகுப்பின் பின்வரிசை வாங்குகள் ஒவ்வொன்றாக அங்கே இடம்பெயர்ந்தன.

எங்கள் நிறுவனத்தின் உரிமையாளர் தவராசா முன்பு பயண முகவராக இருந்தவர். ஆட்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பிய அனுபவத்தில் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பலாம் என்று நினைத்து இந்தத் தொழிலுக்கு வந்தார். ஒருநாள் வகுப்பு முடிய என்னைக் கூப்பிட்டு, "அவர் முக்கோணம் குடுக்கிறாராம், நீங்கள் ஏன் ஒண்டும் குடுக்கேல்லை?" என்று கேட்டார். முக்கோணம் கெடுதல் இல்லை, ஆனால் ஏன் வகுக்கிறோம் என்று விளங்காமல் விரலை வைத்தால் அலகு மாறியவுடன் விழுந்துவிடுவார்கள் என்று விளக்கினேன். நீண்ட நேரம் தலையாட்டினார். விளங்கிவிட்டது என்றே நம்பினேன். பிறகு சொன்னார்:

"அவர் மூண்டு மூலை குடுத்தா நாங்கள் நாலு மூலை குடுப்பம், மிஸ். சதுரமா அடிச்சு, நாலாவது மூலையில இன்ஸ்டிடியூட்டின்ர பேரைப் போடுவம்."

சின்னக் கோடு

சதுரம் அடித்து வந்தது. என் பயிற்சித்தாள்களும் அதே போட்டோக்கொப்பிக் கடையில்தான் அடிபட்டன. இயந்திரத்தில் மை குறைந்திருந்ததால், எண்களெல்லாம் வந்தன, மறைக் குறிகள் மட்டும் வரவில்லை. அந்தச் சின்னக் கோடு போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்: கண்ணுக்குத் தெரியாத போட்டோன் ஒன்று இந்தத் தீவையே ஊதித் தள்ளுகிற சக்தியோடு நிற்கும். வகுப்பில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். எல்லாரும் அமைதியாக அந்தப் போட்டோனை வகுத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். முதலாளி சிங்களவர், தமிழ் நன்றாகக் கதைப்பார், கோபமே வராது. தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார், கண்ணாடியைப் போட்டும் பார்த்தார், கழற்றியும் பார்த்தார்.

"அய்யோ மிஸ், ஒரு பொடிக் கோட்டுக்கா இவ்வளவு கோபம்? தாங்க, எல்லா நம்பருக்கும் முன்னால நானே பேனையால ஒவ்வொரு கோடு போட்டுத் தாறன்."

குறைந்த நிறம்

பிரணவனுக்கு வீட்டிலும் தனியாகப் படிப்பிக்க வேண்டும் என்று அவனுடைய அம்மா கேட்டார். தெஹிவளைப் பக்கம், கடல் தெரிகிற மாடிவீடு. நான் படிப்பிக்கும்போது அவரும் கதிரையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பார். லண்டனில் இருக்கிற அவருடைய தங்கச்சியின் மகனும் அதே வருடம் பரீட்சை எடுக்கிறான். இரண்டு வீடுகளுக்கும் இடையில் ரெலிபோனில் ஓயாத போட்டி. இங்கே என்ன பாடம் நடக்கிறது என்பது அன்றே அங்கே போய்விடும். அங்கே என்ன நடந்தது என்பது விடிவதற்குள் இங்கே வந்துவிடும்.

ஒருநாள் அம்மாவின் முகம் சரியில்லை. தேத்தண்ணி வைத்த விதத்திலேயே தெரிந்தது. தங்கச்சியின் மகனுக்கும் போட்டோன் கணக்கில் மீடிறன் கேட்டார்களாம். அவனுக்கு ஆறரை வந்ததாம். இவனுக்கு ஐந்துதான் வந்திருக்கிறது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அம்மா, இது பரீட்சைப் புள்ளி இல்லை. அவையின்ர கேள்வி நீல வெளிச்சத்தைப் பற்றினது. நீலத்துக்கு மீடிறன் கூடுதல். இவன் செய்தது செம்மஞ்சள். ரெண்டு விடையும் சரி" என்றேன். பிரணவன் மேசைக்குக் கீழே ஒளிந்துகொள்ளப் பார்த்தான். அம்மாவுக்கு முகம் தெளியவில்லை, இன்னும் கறுத்தது.

"அப்ப எங்கட பிள்ளைக்கும் அந்த நீலத்தையே குடுங்கோவன், மிஸ். இவனுக்கு மட்டும் ஏன் குறைஞ்ச நிறம்?"

பறிமுதல்

அது யுத்த காலம். வீதிக்கு வீதி சோதனைச்சாவடி. தமிழ்ப் பெயரோடு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர் அந்தப் பைக்குள் இருக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் விளக்கம் சொல்லப் பழகியிருக்க வேண்டும். எனக்கு ஒரு ஆசை, ஒருநாளாவது பிள்ளைகளுக்கு இதைக் கண்ணால் காட்ட வேண்டும் என்று. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சின்ன எல்.ஈ.டி. பல்புகள், ஒரு பற்றறி, வயர், மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு குமிழ். குமிழைத் திருப்பத் திருப்ப முதலில் சிவப்பு எரியும், பிறகு பச்சை, நீலம் கடைசிவரை அடம்பிடிக்கும். நீலப் போட்டோனுக்குச் சக்தி கூட வேண்டும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, ஞாயிறு காலை எங்கள் நிறுவனத்தின் கொட்டாஞ்சேனை வகுப்புக்குப் புறப்பட்டேன்.

பெட்டியைத் திறந்த சிப்பாய், பற்றறியையும் வயரையும் கண்டதும் இரண்டடி பின்னால் போனான். என் சிங்களம் கடைக்குப் போய்வரக் காணும், பௌதிகவியலுக்குக் காணாது. நீலத்துக்குச் சக்தி அதிகம் என்று சொல்ல நினைத்தேன். சிங்களத்தில் அதிகம் என்கிற சொல்லை வாயை அகலத் திறந்து சொல்ல வேண்டும். என் தமிழ் வாயில் அது 'வெடி' என்று வந்தது. அந்த உச்சரிப்புக்குச் சிங்களத்தில் துப்பாக்கி வேட்டு என்று அர்த்தம். வயரும் பற்றறியும் வைத்த பெட்டியைக் காட்டி, நீலத்தில் வேட்டு இருக்கிறது என்று நானே வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் விலகினார்கள்.

இளம் அதிகாரி ஒருவர் வந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. அங்கேயே, மணல் மூட்டைக்கு மேல் பெட்டியை வைத்து, குமிழைத் திருப்பிக் காட்டினேன். சிவப்பு எரிந்தது, பச்சை எரிந்தது, கடைசியில் நீலம் எரிந்தது. சிப்பாய்மாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். இவ்வளவு கவனமான வகுப்பு எனக்கு அதற்கு முன்னும் வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு அதிகாரி நீல பல்பைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்தார். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

"சிவப்பையும் பச்சையையும் கொண்டு போங்கள், மிஸ். நீலத்துக்குச் சக்தி கூட என்று நீங்களே சொன்னீர்கள். அதைப் போகவிட எனக்கு அதிகாரம் இல்லை."

ஆடட்டும்

கொட்டாஞ்சேனை வகுப்பில் ரொஷெல் என்று ஒரு பிள்ளை. கொச்சிக்கடைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா அந்தோனி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். அவள் அதிகம் பேசமாட்டாள். கணக்கைச் செய்து முடித்ததும் விடையை அடிக்கோடிட்டுவிட்டு, அது என்ன நிறம் என்று பக்கத்தில் எழுதுவாள். நான் அப்படிச் செய்யச் சொன்னதில்லை. வெறும் எண்ணாக விட அவளுக்கு மனமில்லை போலும்.

பரீட்சைக்குச் சில மாதம் இருக்கும்போது அந்தோனி வகுப்பு வாசலுக்கு வந்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பனியில் கடிதமும் கணக்கும் எழுதுகிற லிகிதர் வேலை காலியாம், தெரிந்தவர் சொல்லி வைத்திருக்கிறாராம், உடனே சேர வேண்டுமாம். மகளை நிறுத்தப்போவதாகச் சொல்லத்தான் வந்திருக்கிறார். மரியாதையான மனிதர், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டே கதைத்தார். கரும்பலகையைக் காட்டி, "மிஸ், நான் படிக்காதவன், கோவிச்சுக்காதீங்க. அந்த வெளிச்சம் எத்தன தரம் ஆடுதுன்னு தெரிஞ்சு என்ன செய்யிறது?" என்றார். இந்தக் கேள்விக்கு நான் நிறைய விடை தயாராக வைத்திருந்தேன்: மருத்துவம், தொலைத்தொடர்பு, சூரிய மின்சாரம். அடுத்த மாதமே கைக்கு வரும் வேலையின் முன்னால் சூரிய மின்சாரம் எம்மாத்திரம்?

ரொஷெல்தான் எழுந்து வந்தாள். "ஒண்டும் செய்ய ஏலாது டாடி" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஆனா ஒழுங்காச் செஞ்சா ஒழுங்கா வருது. யார்ட்டையும் கேக்கத் தேவையில்ல, யாரும் மாத்த ஏலாது. நம்ம வீட்டுல அப்பிடி வேற என்ன இருக்கு, சொல்லுங்க?" அந்தோனி கரும்பலகையை இன்னொருமுறை பார்த்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"சரி மிஸ், ஆடட்டும். பரீட்சை முடியுமட்டும் ஆடட்டும்."

வராத கேள்வி

தவராசா ஒரு புதுமை செய்தார். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு பெரிய மண்டபத்தில் வைத்து, ரொக்கெட் சேரையே கூப்பிட்டு ஒரு செமினார் நடத்தினார். எதிரியை வாடகைக்கு எடுப்பது என்பது இதுதான். ரொக்கெட் சேர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "இந்த வருஷம் போட்டோன் வராது. எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ" என்று அறிவித்தார். மண்டபம் கைதட்டியது. ஒரு பாடம் முழுவதையும் வாழ்க்கையிலிருந்து தூக்கி எறிவதைவிடச் சந்தோசம் மாணவர்களுக்கு வேறு என்ன இருக்கிறது?

அடுத்த வெள்ளவத்தை வகுப்பில் நான் போட்டோன் பாடத்தில் மிச்சமிருந்த பகுதியை எடுத்தேன். சக்தியை யூலில் தராமல் இலத்திரன் வோல்ற்று என்கிற இன்னொரு அலகில் தருவார்கள். வகுப்பதற்கு முதல் அதை யூலுக்கு மாற்ற வேண்டும். அதுதான் வழுக்குகிற இடம். பாதிப் பிள்ளைகள் எழுந்து போனார்கள். மிச்சப் பாதி, வராத கேள்வியை விட்டுவிட்டு வெப்பத்தை எடுக்கச் சொன்னது. முடித்துவிட்டுத்தான் எடுப்பேன் என்றேன். அன்றே வெள்ளவத்தை வகுப்பு என் கையை விட்டுப் போனது. மாடி ரொக்கெட் சேருக்கு, எனக்குக் கொட்டாஞ்சேனை மட்டும். அலகு மாற்றுகிற பகுதியை இனி அங்கேதான் முடிக்க வேண்டும். கடற்கரை வரைக்கும் நடந்து போய், ரயில் பாதைக்குப் பக்கத்தில் நின்று, வங்கி வேலைக்கு விண்ணப்பித்தால் என்ன என்று யோசித்தேன். அழுகை வரவில்லை, பசிதான் வந்தது. தவராசா கெட்ட மனிதர் இல்லை. மாடியை விட்டு இறங்கும்போது வாசல்வரை வந்து, உண்மையான கவலையோடுதான் சொன்னார்:

"பிள்ளையள் படிக்க வரேல்லை, மிஸ், பாஸ் பண்ண வருகினம். நீங்கள் ரெண்டையும் போட்டுக் குழப்புறீங்கள்."

வந்த கேள்வி

வந்தது. ஒரு போட்டோனின் சக்தி இரண்டு இலத்திரன் வோல்ற்று, மீடிறனைக் காண்க. சரியாக மாற்றிச் செய்தால் நாலு தசம் எட்டு, பத்தின் பதினாலாம் அடுக்கு, சிவப்பு வெளிச்சம். மாற்றாமல் இரண்டை அப்படியே வகுத்தால் பத்தின் முப்பத்துமூன்றாம் அடுக்கில் ஒரு பயங்கரம் வரும். அப்படி ஒரு வெளிச்சம் இருந்தால், ஒவ்வொரு போட்டோனும் கையெட்டும் உயரத்திலிருந்து விழுகிற மாங்காய் மாதிரித் தலையில் விழும். அந்த வருடம் கொழும்பின் பல பரீட்சை மண்டபங்களில் மாங்காய் மழை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பரீட்சை நிலையத்துக்கு வெளியே நின்றேன். பிரணவன் முதலாவதாக வந்தான். என் வகுப்பை விட்டுப் போன குற்ற உணர்ச்சி அவனிடம் கொஞ்சமும் இல்லை. அதுதான் அவனிடம் எனக்குப் பிடித்ததும். "மாற்றினியா?" என்றேன். "எப்பிடி மிஸ் மாத்திறது? சதுரத்தின்ர நாலாவது மூலையில தவராசா அங்கிள்ட இன்ஸ்டிடியூட்தானே இருந்தது" என்றான். தாய்மார், தகப்பன்மார், அழுகிறவர்கள், சோடா குடிக்கிறவர்கள் எல்லாரும் கலைந்த பிறகு ரொஷெல் வந்தாள். என்னைக் கண்டதும் நின்றாள். பரீட்சை எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. அவள் ஒரே ஒரு சொல்தான் சொன்னாள்:

"சிவப்பு, மிஸ்."

சுவரொட்டி

முடிவுகள் வந்தபோது ரொஷெலுக்குப் பொறியியல் பீடம் கிடைத்தது. நான் செய்தியை அறிந்தது காலி வீதியில், பஸ்ஸுக்குள்ளிருந்து. மதிலில் அவளுடைய படம், ரொக்கெட் சேரின் சுவரொட்டியில்: 'எங்கள் ஏவுதளத்திலிருந்து'. இரண்டு மதில் தள்ளி அதே படம், தவராசாவின் சுவரொட்டியில்: 'எங்கள் வார்ப்பு'. என் பெயர் இரண்டிலும் இல்லை. இறங்கி ரொக்கெட் சேருக்கு ரெலிபோன் எடுத்தேன். "பிள்ளை என்ர செமினாரில இருந்தது, மிஸ். வெளிச்சம் எல்லாருக்கும் பொதுதானே?" என்று அன்பாகக் கேட்டு வைத்துவிட்டார். தவராசா இன்னும் ஒரு படி மேலே போய், வெள்ளவத்தை வகுப்பைத் திரும்ப எடுக்கும்படி அழைத்தார். எடுத்தேன். வேறு என்ன செய்வது, வங்கி என்னைக் கூப்பிடவில்லை.

ஆனால் கோபம் தீரவில்லை. பிள்ளையின் படத்தைக் கேட்காமல் போட்டிருக்கிறார்கள், ஒரு கடிதமாவது எழுதச் சொல்ல வேண்டும் என்று கொச்சிக்கடைக்கு நேரே போனேன். சின்ன முன்னறை. ஒரு சுவரில் மாதாவின் படம். அதற்குப் பக்கத்தில், மதிலிலிருந்து பக்குவமாக உரித்தெடுத்த இரண்டு சுவரொட்டிகளும், மூலை கிழியாமல், ஒட்டப்பட்டிருந்தன. ரொஷெல் என்னைப் பார்த்து முகத்தை மூடிக்கொண்டாள். அவளுடைய அம்மா பட்டர் கேக் கொண்டுவந்தார். நான் கொண்டுவந்த கோபத்தை வைக்க அந்த அறையில் இடமில்லை. இருந்தும் விடாமல், "இதில யாருடைய பெயரைப் போட்டிருக்கினம் பாத்தீங்களா?" என்று அந்தோனியைக் கேட்டேன். அவர் எழுந்து போய், சுவரொட்டியின் சுருங்கிய ஓரத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார்.

"யாரு பேர வேணுமுன்னாலும் போட்டுக்கட்டும் மிஸ், சிரிக்கிறது நம்ம புள்ளதானே."

வெளிச்சத்துக்கு எடை இல்லை என்று வருடக்கணக்காகப் படிப்பித்த எனக்கு, அதைப் படிப்பிக்கிறவளின் பெயருக்கும் அப்படித்தான் என்பது விளங்க அந்த முன்னறையில் ஒரு துண்டு கேக் சாப்பிட வேண்டியிருந்தது.